தண்ணி ஊசி

பெரியவர் அரங்கசாமி இறந்து ஒன்பது நாளாகிவிட்டது.

அழுதவர்கள் அழுது முடித்து அவரவர் வேலையைப் பார்க்கப் போன பிறகு... நேற்று மாலைதான் அவருடைய சாவு போலீஸ் கேஸ் ஆனது!

காரணம், யுஸ்ரா.

வயது இருபத்தொன்பது. கோட்டைமேட்டுப் பெண். கோவையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் புள்ளிவிவரப் புலி. அவள் எழுதிய பதினெட்டுப் பக்க ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி பத்திரிகைக்குக் கசிந்தது. அந்த ஒரு வரி, அன்னூர் தாண்டி ஒரு கிராமத்து நர்ஸை இழுத்துவந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது.

இப்போது மதியம் மூன்று மணி. இன்ஸ்பெக்டர் பாலகோபாலுக்கு எதிரே யுஸ்ரா. மடியில் லேப்டாப். முகத்தில் பெருமை. மறைக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க அம்மணி. அஞ்சு மணிக்கு இந்தம்மாவை மாஜிஸ்ட்ரேட் முன்னால நிறுத்தோணும். அவரு கேட்டா நான் முழிக்கக் கூடாது பாருங்க."

"கொரோனாவுக்குப் புதுசா மாத்தின ஊசி வந்திருக்குதில்லைங்களா சார்? அது வேலை செய்யுதான்னு பாக்கறோம். சளி, காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்கு வந்து டெஸ்ட் எடுத்தவங்களை ரெண்டாப் பிரிச்சுக்குவோம். கொரோனா இருக்கறவங்க ஒரு பக்கம், இல்லாதவங்க ஒரு பக்கம். அப்பறம் யாரெல்லாம் ஊசி போட்டவங்கன்னு ஊசிப் பதிவேட்டுல தேடுவோம்."

"செரி."

"ஊசி நல்ல ஊசியா இருந்தா, கொரோனா வந்தவங்க பக்கம் ஊசி போட்டவங்க கம்மியா இருக்கோணும். மத்த பதினாறு ஊசி சென்டர்லயும் அப்படித்தான் இருக்குது. இவங்க சென்டர்ல மட்டும் தலைகீழ். ஊசி போட்ட நாப்பத்தொரு பேரு கொரோனாவோட வந்து படுத்திருக்காங்க. இறந்துபோன பெரியவரும் அதுல ஒருத்தர்."

"அப்ப உள்ள போனது ஊசி மருந்தே இல்ல."

"'மருந்தின் தரத்தில் சந்தேகம்'னுதாங்க எழுதினேன்."

"நீங்க சந்தேகம்னீங்க. பேப்பர்காரன் தண்ணி ஊசின்னு போட்டுட்டான்."

மூலையில் நின்ற சாய்குமார் பாய்ந்து வந்தான். அரங்கசாமியின் ஒரே மகன். புகார் கொடுத்தவன்.

"மருந்தை வித்துப்போட்டு எங்கப்பனுக்குத் தண்ணியக் குத்தியிருக்கறா சார். விட்டுடாதீங்க!"

பெஞ்சில் அன்புச்செல்வி குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது. காலையிலிருந்து, "நான் அப்படியெல்லாம் பண்ணலைங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

"செரி, அந்த நாப்பத்தொரு பேர்ல பொழைச்சவங்க நாலு பேரு வாக்குமூலம் வேணும்" என்றார் இன்ஸ்பெக்டர். "போன் நம்பர் இருக்குதுங்களா?"

"ஸ்கிரீன்ல மறைச்சுத்தான் வெச்சிருப்போம் சார். உங்களுக்காக அனுமதி வாங்கிட்டு வந்திருக்கேன்."

யுஸ்ரா பாஸ்வேர்டைத் தட்டினாள். முதல் நம்பரைப் படித்தாள். இன்ஸ்பெக்டர் ஸ்டேஷன் போனில் அழுத்தினார்.

மேசைமேல், பறிமுதல் செய்து பிளாஸ்டிக் கவரில் போட்டிருந்த செல்போன் அலறியது.

"அதை ஆஃப் பண்ணித் தொலைங்கய்யா!" ரிசீவரை வைத்தார்.

அலறல் நின்றது.

மறுபடி அழுத்தினார்.

மறுபடி அலறியது!

இன்ஸ்பெக்டர் கவரைப் பார்த்தார். அன்புச்செல்வியின் செல்போன்.

"அடுத்த நம்பரைப் படிங்க அம்மணி."

யுஸ்ரா படிக்கவில்லை. லிஸ்ட்டை மேலிருந்து கீழே ஓட்டினாள்... இன்னும் கீழே... கடைசிவரை.

நாற்பத்தொரு பேருக்கும் ஒரே நம்பர்.

பாலகோபால் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "சொந்த நம்பரைப் போட்டுக் கள்ளப் பதிவு. என்ற சர்வீஸ்ல ஆதாரம் தானா மணியடிச்சு வந்தது இன்னிக்குத்தான்."

அவர் ஜீப்புக்குச் சொல்ல வெளியே போனார். பின்னாலேயே சாய்குமாரும்.

யுஸ்ரா மெல்லப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா... ஆஸ்பத்திரி ரெக்கார்டுல இவங்க பேருக்கு நேரா எப்படி உங்க நம்பர் வந்துச்சு?"

"தோட்டங்காட்டுல தனியாக் கெடக்கறவங்களுக்கு மூச்சு முட்டுச்சுன்னா, பக்கத்துல இருக்கறவங்க ஓடியாந்து என்கிட்டத்தான் சொல்லுவாங்க. நூத்தியெட்டுல ஏத்திட்டு நானே கூடப் போவேனுங்க. ஆஸ்பத்திரியில கூட வந்தவங்க நம்பர் கேப்பாங்க. நான்தானுங்களே கூட வந்தவ?"

"அவங்கெல்லாம் ஊசி போட்டவங்களா?"

"ஒருத்தரும் போடலீங்க. கை கால்ல விழாத குறையாக் கேட்டுப் பாத்தேன். அரங்கசாமி அய்யன் தடியெடுத்துட்டு வந்தாரு."

"அப்ப ஊசிப் பதிவேட்டுல உங்க நம்பர் எதுக்கு இருக்குது?"

"எனக்கு நானே போட்டுக்கிட்டேனுங்களே. அது ஒண்ணுதான்."

அவ்வளவுதான். யுஸ்ராவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி ரெக்கார்டையும் ஊசிப் பதிவேட்டையும் பொருத்தியது அவள்தான். பெயரை நம்பிப் பிரயோஜனமில்லை. ஒரு இடத்தில் ரங்கசாமி, ஒரு இடத்தில் அரங்கசாமி, ஒரு இடத்தில் வெறும் சாமி. அதனால் அவளே சொந்தமாக ஒரு விதி எழுதினாள்: போன் நம்பர் ஒன்றானால் ஆளும் ஒன்று. வயதைப் பார்க்கவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடப் பார்க்கவில்லை! அன்புச்செல்வி தன் கையில் போட்டுக்கொண்ட ஒரே ஒரு ஊசியை, யுஸ்ரா தன் கணக்கில் நாற்பத்தொரு பேர் கையில் ஏற்றிவிட்டாள்.

யா அல்லாஹ்!

பின்வாசலுக்கு ஓடிப்போய்த் தன் மேலதிகாரி டாக்டர் வெங்கடலட்சுமிக்குப் போன் போட்டாள். கொட்டித் தீர்த்தாள்.

மறுமுனையில் நிதானமான குரல்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லைங்க மேடம்."

"நல்லது. நாளைக்கு டெல்லியில ரிப்போர்ட்டை வாசிக்கிறோம். இப்பப் போய் நம்மளே தப்புன்னு சொன்னா பதினேழு சென்டரையும் எவன் நம்புவான்? ரெண்டு வாரம் போகட்டும். 'திருத்தப்பட்டது'ன்னு ஒரு வரி போட்டுக்கலாம்."

"அதுவரைக்கும் அந்தக்கா ஜெயில்ல இருப்பாங்களே மேடம்?"

"கேஸ் தன்னால நிக்காமப் போயிடும். நீ கம்முனு கிளம்பி வா."

யுஸ்ரா என்ன சொன்னாள் தெரியுமா?

"சரிங்க மேடம்" என்றாள்.

சொன்னது அவள் வாய்தான். உள்ளே வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் லேப்டாப்பைப் பைக்குள் திணித்தாள்.

"ஏனுங்க மேடம்..."

அன்புச்செல்வி.

"என்ற நம்பரைக் குடுத்தது தப்புங்களா? சத்தியமாத் தெரியாமச் செஞ்சுபோட்டேன். என்னால உங்களுக்கும் பஸ் ஏறி வெயில்ல அலைச்சல்... தண்ணி குடிச்சீங்களா கண்ணு?"

யுஸ்ராவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பையின் ஜிப்பைப் பாதி மூடியவள், திரும்பத் திறந்தாள்.

வாசலில் ஜீப் உறுமியது. மணி நாலரை. அன்புச்செல்வியை அழைத்துப் போக பாலகோபால் உள்ளே வந்தார், பின்னாலேயே சாய்குமார்.

"சார்!"

பாலகோபால் திரும்பினார்.

"இவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க. தப்புப் பண்ணினது நான்."

"என்னங்க அம்மணி சொல்றீங்க?"

சொன்னாள். ஒன்று விடாமல். தன் விதியையும் சொன்னாள், டெல்லியையும் சொன்னாள், "சரிங்க மேடம்" என்று தலையாட்டியதையும் சேர்த்துச் சொன்னாள். ஒரு ஏட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

"வாய்ல சொன்னாப் பத்தாதுங்க. காட்டுங்க."

அந்த விதியை அழித்தாள். பெயர் ஏறக்குறைய ஒத்திருந்து, வயதும் ஊரும் ஒன்றானால்தான் ஒரே ஆள் என்று எழுதி மறுபடி ஓட்டினாள். நாற்பத்தொரு பேரும் ஊசி போடாதவர்கள் பக்கம் போய் விழுந்தார்கள்.

திரையில் வந்த எண்ணைப் பார்த்து யுஸ்ராவின் கண் நிறைந்தது.

"என்னங்க ஆச்சு?"

"பதினேழு சென்டர்ல ஊசி ரொம்ப நல்லா வேலை செஞ்சது இங்கதான் சார். இவங்க சென்டர்தான் முதல்ல நிக்குது."

அன்புச்செல்விக்கு எதுவும் புரியவில்லை. "அப்ப நான் ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்று பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"போகக் கூடாது!" சாய்குமார் மேசையை அறைந்தான். "எங்கப்பன் ஊசி போடலைன்னே இருக்கட்டும். ஆஸ்பத்திரியில சேத்ததை எனக்கு ஏன் சொல்லல? மகன் நானிருக்க, இவ நம்பரை எதுக்கு எழுதோணும்?"

பாலகோபால் ஆஸ்பத்திரி அட்மிஷன் ஷீட்டை ஃபைலிலிருந்து உருவினார். படித்தார். இன்னொரு தடவை படித்தார். பேசாமல் அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

அதில் முதலில் எழுதியிருந்தது சாய்குமாரின் நம்பர்தான்.

அதை அடித்துவிட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'மகன். ஏழு முறை அழைத்தும் எடுக்கவில்லை.'

"மொதல்ல உங்க நம்பர்தான் குடுத்தேன் கண்ணு" என்றாள் அன்புச்செல்வி, தான் ஏதோ தப்புச் செய்தவள் போல. "நீங்க வேலையா இருந்திருப்பீங்க."

சாய்குமாரின் கை மேசையிலிருந்து தானாக இறங்கியது. பின்னால் நகர்ந்தான். காலி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

யுஸ்ராவும் அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் காட்டினார். "அந்தம்மாவை ஊட்டுல எறக்கி உட்டுட்டு வாய்யா. முன் சீட்டுல உக்கார வெச்சு."

ஜீப் கிளம்பிப் போனது.

யுஸ்ரா தலையைத் தூக்காமலே கேட்டாள். "என் மேல என்ன செக்‌ஷன் சார் போடுவீங்க?"

பாலகோபால் பெஞ்சில் இருந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஊசி போடாதவருக்கு ஊசி போட்டு விட்டதுக்கும், போனை எடுக்காம விட்டதுக்கும் சட்டத்துல செக்‌ஷன் இல்லீங்க அம்மணி. இருந்துச்சுன்னா லாக்கப் பத்தாது... ஜில்லாவைச் சுத்திக் கம்பி போட்டு, சாவியக் குடுக்க ஆள் இல்லாம நானும் உள்ளேதான் நிக்கோணும்!"