சிவப்புத் துளி திறக்கவில்லை

அப்பா இறந்து பதினாறு நாள் கழித்து மஞ்சுளா பள்ளிக்கு வந்தாள். ஆறாம் வகுப்பில் எல்லோரும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நடந்து வந்து ஜெயசெல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அது 1999ஆம் ஆண்டு. மஞ்சுளாவின் அப்பா மூர்த்தி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இயந்திரத்தில் கால் சிக்கி நிறைய இரத்தம் போய்விட்டது. பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர் பிழைக்கவில்லை.

மதியம் மஞ்சுளா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

“ஒரு வாயாவது சாப்பிடு,” என்றாள் ஜெயசெல்வி.

“அப்பாவுக்கு ஓ நெகட்டிவ் இரத்தம்,” என்றாள் மஞ்சுளா. “அது லேசுல கிடைக்காதாம். ஆஸ்பத்திரியில தீர்ந்துபோச்சு. ஓசூர்ல இரத்தம் கொடுக்கறவங்க பேரெல்லாம் இன்டர்நெட்ல இருக்குன்னு ஃபேக்டரி மாமா ஒருத்தர் சொன்னாரு. அங்கே இருந்த கம்ப்யூட்டர்ல திறந்து பார்த்தாங்க. ஒவ்வொரு இரத்த வகைக்கும் ஒண்ணா, சிவப்பா எட்டுத் துளி தெரிஞ்சுது. நர்ஸம்மா ஒவ்வொண்ணா அழுத்தி அழுத்திப் பார்த்தாங்களாம். ஒரு பேருகூட வரலை. எங்கம்மா பக்கத்துலயே நின்னுட்டிருந்தாங்க.”

“அப்புறம்?”

“கீழே ஒரு ஃபோன் நம்பர் இருந்துச்சாம். அடிச்சா எங்கேஜ்டு. கடைசியில எங்கிருந்தோ இரத்தம் வந்துச்சு. நாலு மணி நேரம் கழிச்சு.”

ஜெயசெல்வி தன் டப்பாவை மூடினாள். அந்த எட்டுத் துளிகளை அவளுக்குத் தெரியும். அவற்றை வரைந்தவர் அவளுடைய சித்தி ஜெபசீலி. ‘இன்னும் கொஞ்சம் குண்டா இருக்கட்டும் சித்தி’ என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதே அவள்தான்.

அதை அவள் மஞ்சுளாவிடம் சொல்லவில்லை.

மாலையில் நேராகச் சித்தியின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். மஞ்சுளா சொன்னதைச் சொன்னாள். சித்தி உடனே தான் எழுதிய இரத்ததான இன்டர்நெட் பக்கத்தைத் திறந்து ஒரு துளியை அழுத்தினார். பெயர்கள் விசிறி மாதிரி விரிந்தன.

“பாரு, வருதே!” என்றார். “இங்கே நல்லாத்தானே வருது?”

“இங்கே வருது சித்தி. அங்கே வரலை.”

இன்டர்நெட் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளுக்கு பிரவுசர் என்று பெயர். அதில் புதிது உண்டு, பழையதும் உண்டு. சித்தியிடம் இருந்தது புத்தம் புதியது. ஆஸ்பத்திரியில் இருந்தது பழையதாக இருக்குமோ?

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ராஜப்பன் என்பவர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அவரிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பது ஜெயசெல்விக்குத் தெரியும். சித்தியை அங்கே கூட்டிக்கொண்டு போனாள்.

“அதுலயா?” என்று சிரித்தார் ராஜப்பன். “அது முழிக்கறதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடுவேன்.” சொன்னபடியே குடித்துவிட்டும் வந்தார்.

பக்கம் மெதுவாகத் திறந்தது. நீலப் பின்னணியில் எட்டுச் சிவப்புத் துளிகள். ஜெயசெல்வி ஓ நெகட்டிவ் துளியை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். எட்டையும் அழுத்தினாள்.

சித்தி பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போது சித்தி சொன்னார்: “துளியை அழுத்தினா பேர் விரியறது புது முறை, செல்வி. இனிமே இப்படித்தான் எழுதணும்னு உலகத்துக்கே பொதுவா விதிமுறை வந்துட்டிருக்கு. புது பிரவுசருக்கு அது புரியும். பழசுக்குப் புரியாது. எல்லாரும் சீக்கிரம் மாறிடுவாங்கன்னு நினைச்சேன்.”

“எப்போ மாறுவாங்க?”

“ஒரு வருஷம்... ரெண்டு வருஷம் ஆகலாம்.”

“அதுவரைக்கும் அடிபடறவங்க?”

சித்தி சென்டருக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். “அந்த நம்பர் நம்ம சென்டர் நம்பர்தான். அன்னிக்கு நான் இன்டர்நெட்ல இருந்தேன். ஃபோன் லைன் அதுலதான் மாட்டியிருந்துச்சு. அதான் எங்கேஜ்டு. இந்தப் பக்கமே வேண்டாம். அழிச்சுடறேன்.”

“அழிச்சா புது கம்ப்யூட்டர்லயும் பேர் வராதே சித்தி.”

“வேற என்ன பண்ணச் சொல்றே?”

ஜெயசெல்வி திரையைக் காட்டினாள். “பேரையெல்லாம் எதுக்கு ஒளிச்சு வைக்கணும்? அப்படியே வரிசையா எழுதிடுங்க.”

“இருநூறு பேருக்கு மேல இருக்கு. பக்கம் அனுமார் வால் மாதிரி நீளும். பார்க்கச் சகிக்காது.”

“பரவாயில்லை. பழைய கம்ப்யூட்டர் நீளமாவே காட்டட்டும். புதுசு மட்டும் மடிச்சுக் காட்டிக்கட்டும். அப்படி எழுத முடியாதா?”

சித்தி அவளையே பார்த்தார். “முடியும்,” என்றார் மெதுவாக. “முதல்லயே அப்படித்தான் எழுதியிருக்கணும்.”

இரண்டு நாள் ஆனது. சித்தி எழுதினார். ஜெயசெல்வி ஒவ்வொரு பெயரையும் ஃபோன் நம்பரையும் உரக்கப் படித்துச் சரிபார்த்தாள். ராஜப்பன் தன் கடை நம்பரையும் இரண்டாவதாகப் போடச் சொன்னார். அவருடைய கம்ப்யூட்டரில் மறுபடி திறந்தபோது பக்கம் அழகாக இல்லை. ஆனால் எல்லாப் பெயர்களும் இருந்தன.

சனிக்கிழமை ஜெயசெல்வி சித்தியைக் கூட்டிக்கொண்டு மஞ்சுளாவின் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

“மஞ்சு, அந்தத் துளியெல்லாம் எங்க சித்தி பண்ணினது. அன்னிக்கே எனக்குத் தெரியும். சொல்லப் பயமா இருந்துச்சு.”

சித்தி கைகூப்பி நின்றார். மஞ்சுளாவின் அம்மா சரசம்மா அவரை வெகுநேரம் பார்த்தார்.

“இப்போ பேரெல்லாம் தெரியுதா?” என்று கேட்டார்.

“தெரியுதுங்க. எந்தக் கம்ப்யூட்டர்லயும் தெரியும்.”

“அன்னிக்கு இப்படி இருந்திருந்தா அவர் பிழைச்சிருப்பாரா?”

“எனக்குத் தெரியலைங்க,” என்றார் சித்தி அழுதுகொண்டே.

மஞ்சுளா உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவள் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை. அடுத்த வாரமும் பேசவில்லை. ஜெயசெல்வி தொந்தரவு செய்யவில்லை. மஞ்சுளா வராத ஒரு நாளில் மட்டும் பாடத்தை எழுதி அவள் மேசையில் வைத்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலை ராஜப்பனின் கடைக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து ஃபோன் வந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு இரத்தம் தேவைப்பட்டதாம். அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் நீளமான பட்டியலைப் பார்த்து, அதிலிருந்த கங்கப்பன் என்பவரைக் கூப்பிட்டார்களாம். அவர் அடுத்த பஸ்ஸிலேயே போய் இரத்தம் கொடுத்தாராம். நன்றி சொல்லத்தான் ஃபோன்.

மறுநாள் இடைவேளையில் ஜெயசெல்வி தயங்கித் தயங்கி மஞ்சுளாவின் பெஞ்சுக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். மஞ்சுளா தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சரி, போய்விடலாம் என்று ஜெயசெல்வி திரும்பினாள்.

“அவங்க பிழைச்சுட்டாங்களா?”

“பிழைச்சுட்டாங்க.”

“என்ன குழந்தை?”

“பெண் குழந்தை.”

“என்ன பேர் வெச்சிருக்காங்க?”

“தெரியலையே.”

மஞ்சுளா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

“கேட்டுச் சொல்லு,” என்றாள்.