தோள் கனம்

வீடு திரும்ப டல்லா கரையில் படகு ஏறும்போதுதான் உதயசூரியனுக்கு முதலில் தட்டுப்பட்டது: தோளில் தூங்குகிற பிள்ளை காலையில் தூக்கி வந்த கனத்தில் இல்லை. முகம் அதே முகம்தான். பெண்டாட்டி ரேவதி அதன் கன்னத்தில் அப்பிவிட்ட தனக்கா மரப்பட்டைச் சாந்து வியர்வையில் கரைந்து கழுத்துவரை வழிந்திருந்தது, வாயோரம் வெள்ளரிப்பிஞ்சு விதை ஒட்டியிருந்தது. ஆனால் துறைமுகத்து ஜெட்டியில் அரிசி மூட்டை சுமந்தே வயசைக் கழித்தவன் அவன். மூட்டையில் ஒரு படி கூடினாலும் பிடரி சொல்லிவிடும். இது ஒரு படி இல்லை. தூங்குற பிள்ளை கனக்கத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆற்றைப் பார்க்காமல் உட்கார்ந்தான்.

மழை விட்டு வானம் கழுவினமாதிரி இருந்தது. தடிஞ்ஜுட் விளக்குப் பண்டிகைக்கு வேலை கிடையாது என்றதும், ஊ ஞோவின் தோட்டத்துக்குப் போய் வருவோம் என்று அவன்தான் சொன்னான். ஊ ஞோ அவனோடு ஜெட்டியில் மூட்டை தூக்கிய பர்மாக்காரன், இடுப்பு விட்டுப்போய் டல்லா பக்கம் தன் ஊரில் காய்கறி போடுகிறவன். ரேவதிக்கு நம்பிக்கையே வரவில்லை. "மூட்டைக்கெல்லாம் இன்னிக்கு லீவு குடுத்துட்டீங்களாக்கும்" என்று சிரித்தாள். மூன்று வயசு பவுனுக்குப் புதுச்சட்டை போட்டாள். பூசணிக்காய் பார்க்கப் போகிறோம் என்று பிள்ளை தாகேதா வீட்டிலிருந்தே பாடிக்கொண்டு வந்தது.

அவன் போனது பூசணிக்காய் பார்க்க இல்லை.

இவளுக்கு முன்னால் ஒரு பவுனு இருந்தாள். ஊரெல்லாம் ஆக்சிஜன் உருளைக்கு அலைந்த அந்த வருஷம், ஐந்து வயசில், மூச்சுக்கு வாயைத் திறந்தபடியே போய்விட்டாள். ரேவதியும் அப்போது நினைவில்லாமல் காய்ச்சலில் கிடந்தாள். நகரத்தில் புதைக்க வரிசை நின்றது. அவன் பிள்ளையைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டு, தூங்குகிறாள் என்று படகுக்காரனிடம் சொல்லி, இதே ஆற்றைத் தாண்டினான். ஊ ஞோ தோட்டத்து ஓரத்தில் இலந்தை மரத்தடியில் குழி வெட்டிக் கொடுத்தான். ரேவதி எழுந்து கேட்டபோது, இடம் தெரிந்தால் அங்கேயே கிடப்பாள் என்று, எல்லாரையும்போல எரித்துவிட்டார்கள் என்று சொன்னான். பிறகு இவள் பிறந்தாள். போனவளே திரும்பி வந்துட்டா என்று சொந்தபந்தம் சொல்ல, அந்தப் பேரையே வைத்தார்கள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. மரத்தை ஒருதரம் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்றுதான் இருந்தது அவனுக்கு.

தோட்டத்தில் வெயில் சாயும்வரை ஒரு குறையும் இல்லை. பிள்ளை பூசணிக் கொடிக்குள் விழுந்து எழுந்தது, செவ்வந்தியைப் பிய்த்துத் தின்னப் பார்த்தது. கிளம்புகிற நேரத்தில் காணோம். இலந்தை மரத்தடியில் குந்தி யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு அலறியது. ஓடிப்போய்த் தூக்கினால் உடம்பு வெடவெடவென்று ஆடியது, கண் எங்கேயோ நின்றது.

பிள்ளை பயந்தால் லெய்ப்யா, அதாவது உயிராகிய பட்டாம்பூச்சி, அந்த இடத்திலேயே தங்கிவிடும் என்பது பர்மாக்காரர் நம்பிக்கை. தங்கினதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். ரேவதி வீட்டிலும் தலைமுறையாகச் செய்துவருவதுதான். அவள் பிள்ளையின் சட்டையைக் கழற்றி மரத்தைப் பார்த்து வீசி வீசிக் கூப்பிட்டாள்.

"பவுனு, வாம்மா. இங்க தனியா இருக்காத. அம்மாகூட வீட்டுக்கு வந்துரு."

ஊ ஞோ அவனை ஒருதரம் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். நிறுத்து என்று சொல்ல உதயசூரியனுக்கு நாக்கு எழுந்தது. ஏன் என்று அவள் கேட்பாளே.

இலந்தை இலை காற்றில்லாமல் அசைந்தது.

ஆறு தாண்டி இக்கரையில் பஸ் ஏறியபோது கனம் இன்னும் கூடியது. ஈரமண் வாடை. சின்னவளின் மூச்சு அவன் நெஞ்சில் பட்டது. இன்னொரு மூச்சு பிடரியில். இழுத்து இழுத்து வாங்குகிற மூச்சு. அந்த இழுப்பை அவன் அறிவான். அந்தக் கனத்தையும் அறிவான், போர்வையோடு சுமந்த தோள்தானே. திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் இறங்கியும், அது சறுக்கி விழுந்துவிடாதபடி முதுகை வளைத்தே நடந்தான்.

தாகேதாவில் கரண்ட் இல்லை. தெருவெல்லாம் பண்டிகை மெழுகுவத்தி. ரேவதி முன்னால் போய்க் கதவைத் திறந்து, நூலும் வத்தியுமாக வாசலில் நின்றாள். பேர் சொல்லிக் கேட்க வேண்டும், வந்த உயிர் பதில் சொல்ல வேண்டும், மணிக்கட்டில் நூல் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் அது தங்கிவிடும். ஒரு பேருக்கு ஒரு நூல்.

அவன் சின்னவளைக் கீழே இறக்கினான்.

கனம் இறங்கவில்லை.

இப்போது சொல்லிவிடலாம். கேட்காதே என்று ஒரு வார்த்தை. சொன்னால் இது வெளியே நிற்கும், இருட்டில், தனியாக, மறுபடியும். அவன் வாசற்படியை நெருங்கி நின்றான்.

"பவுனு, வந்துட்டியாம்மா?"

சின்னவள் வாயைத் திறந்தாள்.

"வந்துட்டேம்மா." குரல் அவன் காதுக்குப் பின்னாலிருந்து வந்தது.

ரேவதி சிரித்தபடி சின்னக் கையை இழுத்து நூலை முடிந்தாள். பிள்ளையின் வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் இல்லை. கண் அவனையே பார்த்தது. அப்பா என்று உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

பாய்ந்து ஒரு கையால் வாரித் தூக்கினான். வெறும் சாக்கைத் தூக்கினமாதிரி கை மேலே போனது. கனமே இல்லை. மெழுகுவத்தியை அசைத்த காற்றில் பிள்ளையின் கால் லேசாக அசைந்தது.

ரேவதி உள்ளே தட்டு எடுத்து வைத்துக்கொண்டே, பவுனுக்குச் சோறு பிசையட்டுமா என்று கேட்டாள். அவன் பிடரியில் இரண்டு குளிர்ந்த பிஞ்சுக் கைகள் இறுகின. ஈரத் தலை ஒன்று அவன் கன்னத்தோடு கன்னம் வைத்து, பசிக்குது என்றது.