காப்பியில் மெழுகு வாடை

“ஹார்லன், நீதான் ஏதாவது பண்ணணும். இவங்க என்னைத் திருடின்னு முடிவே கட்டிட்டாங்க!”

என்றாள் லொரேன் ட்வைட். பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளைச் சேகரிப்போர் மாதாமாதம் கூடும் அந்தத் தேவாலய நிலவறையில் அன்று அவளோடு மாட்டிக்கொண்டவர்கள் இருபது பேர். மினசோட்டாவின் பனி கதவை அடைத்துவிட்டது. பனி வாரும் வண்டி வந்தால்தான் யாருக்கும் விடுதலை. சன்னல்களெல்லாம் வெள்ளை அடித்தாற்போல் மூடிக் கிடந்தன. இருபது ஜோடிக் கண்களும் அவள் மேலேயே இருந்தன.

ஹார்லன் பியோர்க் ஓய்வு பெற்ற காப்பீட்டு விசாரணைக்காரர். ஆலங்கட்டி மழையில் நசுங்கிய காருக்கும், சொந்தக்காரனே சுத்தியால் நசுக்கிய காருக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தே தலை நரைத்தவர். அவர் நிதானமாகக் கேட்டார். அவர் மனைவி டாட்டிக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

“நீ உக்காரு லொரேன். முதல்லேருந்து சொல்லு. ஹார்லன், காதைத் தீட்டிக்கோ!”

லொரேன் சொன்னாள். அவள் கணவன் ராய் காலமெல்லாம் அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வைத்து வந்த ஆட்டக்காரர் அட்டைகளைச் சேர்த்தவன். ஒரே ஓர் ஆட்டக்காரனின் அட்டை மட்டும் அகப்படாமலே போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த அட்டை செஸ்டர் நைபெர்கிடம் இருந்தது. அவளுடைய மூன்று அட்டைகளுக்கு அதை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள், செஸ்டரின் மேசையிலேயே வைத்தாள், பலகாரம் எடுக்கப் போனாள். செஸ்டரும் பனி சன்னலை மூடுவதைப் பார்க்கப் போயிருந்தான். திரும்பி வந்தபோது பிளாஸ்டிக் உறை மட்டும் கிடந்தது. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அந்த அட்டையைக் காணோம்.

“கடைசியா கையில வச்சிருந்தது அவதான்,” என்றான் பக்கத்து மேசை நீல் வோக்ட். “நான் என் கண்ணால பாத்தேன்.”

கோட்டுகளை உதறினார்கள், பைகளைக் கொட்டினார்கள், லொரேனின் பூட்ஸைக் கூடக் கவிழ்த்தார்கள். பன்னிரண்டு வருஷம் கூடப் பழகியவர்கள்! அவமானத்தில் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ராய் போனபிறகு அவளுக்கென்று இருந்தது இந்தக் கூட்டம் ஒன்றுதான். இங்கே திருடி என்று பட்டம் வாங்கினால் அவள் யார் முகத்தில் விழிப்பாள்?

ஹார்லன் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தார்.

“என்ன டாட்டி, மெழுகுவத்தியக் கரைச்சுட்டியா?”

“என் காப்பியக் குறை சொல்லலேன்னா உனக்குப் பொழுது விடியாதே! காலையில நல்லாத்தான் இருந்துச்சு.”

அவர் எழுந்து காப்பி அண்டாவிடம் போனார். சூடான மூடியின் மேல் வெள்ளையாக மெழுகுப் படலம், விளிம்பு வழியே உள்ளேயும் சொட்டியிருந்தது. பக்கத்தில் இளஞ்சிவப்பாக ஏதோ தூள். விரலில் தொட்டு முகர்ந்தார். பிறகு நீலின் மேசைக்கு வந்தார். அங்கே எண்பதுகளில் வந்த பபிள்கம் பொட்டலங்கள், பிரிக்காத மெழுகுத்தாளோடு, ஒரு பெட்டி நிறைய. ஒவ்வொன்றிலும் கம்மோடு சில ஆட்டக்காரர் அட்டைகளும் இருக்கும்.

“டாட்டி, உனக்கு ஒரு பொட்டலம் வாங்கித் தரேன். எடு.”

“தாராளமா,” என்று நீல் சிரித்தான். டாட்டியின் கை மேலே துழாவியபோது சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அடியில் இறங்கியபோது சிரிப்பு நின்றது.

“அது... அது வேணாம். அது விக்கிறதுக்கில்ல.”

“ஏன்? எல்லாம் ஒரே சரக்குதானே?” என்றார் ஹார்லன்.

நீல் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றான்.

“இங்க எல்லாத்தையும் தேடினீங்க,” என்று ஹார்லன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “ஒண்ணத் தவிர. பிரிக்காத பொட்டலத்த யாரும் பிரிக்க மாட்டோம். பிரிச்சா மதிப்பு போச்சு, அது நம்ம எல்லார் ரத்தத்துலயும் ஊறினது. அத நம்பித்தான் இவன் ஒளிச்சான். சிகரெட் அட்டை சின்னது, பபிள்கம் அட்டைகளுக்கு நடுவுல சொருகினா வெளிய தெரியாது. ஆனா உறையோட போகாது, அதான் உறைய விட்டுட்டான். இடத்துக்காகப் பழைய கம்மை எடுத்தான், அது நொறுங்கிப் போச்சு. மெழுகுத்தாள மறுபடி ஒட்டச் சூடு வேணும். இந்த நிலவறையில சூடா இருக்கறது காப்பி அண்டா மட்டும்தான்.”

“தேவாலயம்னா மெழுகு இருக்காதா?” என்று நீல் முனகினான்.

“இருக்கும். மெழுகுவத்தியில பபிள்கம் வாசனை வராதே தம்பி. டாட்டி, பிரி.”

கூட்டமே பதறியது. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். டாட்டி சரக்கென்று கிழித்தாள். அட்டைகளுக்கு நடுவிலிருந்து ராய் தேடித் தேடிக் காணாத முகம் எட்டிப் பார்த்தது.

செஸ்டர் அதை லொரேனிடம் நீட்டினான். அவனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “நீயே வச்சுக்க லொரேன். உன் மூணு அட்டையும் வேணாம்.”

“வேணாம் செஸ்டர். சும்மா வாங்கினா, அழுது வாங்கிட்டாள்னு பேசுவீங்க. மாத்திக்கறதாத்தானே பேச்சு? மாத்திக்குவோம்.” மூன்று அட்டைகளையும் அவன் முன்னால் வரிசையாக வைத்தாள்.

வெளியே பனி வாரும் வண்டியின் இரைச்சல் கேட்டது. யாரோ கதவை நெம்பித் திறந்தார்கள். குளிர்காற்று முகத்தில் அறைந்தது.

“அடுத்த மாசம்... வருவேல்ல?” என்றான் செஸ்டர்.

“வராம? வெக்கப்பட வேண்டியது நானா?”

அவள்தான் முதலில் படியேறினாள். மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.