நாலாம் அறைக்கு மட்டும்

செல்போன் ஐந்தாவது முறையாக அலறியது.

பல் டாக்டர் அவன் வாயிலிருந்து கருவியை எடுத்தார். "பேசிடுங்க சார். ஏதோ அவசரம் போல."

அத்தான். அக்காவின் கணவர். குளிர்பதனக் கிடங்கின் இரண்டு முதலாளிகளில் ஒருவர்.

"மாப்ளே... நாலாம் ரூம்ல பார்ட்னர் செத்துக் கிடக்கார்."

பாதி மரத்த வாயோடு எழுந்து உட்கார்ந்தான்.

"எப்படி அத்தான்?"

"உறைஞ்சு போயிட்டார். கதவு உள்ளேருந்து திறக்கலை. பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கார்... நகமெல்லாம் பேந்திருக்கு." குரல் தணிந்தது. "நேத்து நீ செட்டிங்ஸ்ல ஏதோ மாத்தினியே?"

கிடங்கின் ஆறு அறைகளையும் ஆட்டிவைக்கும் மென்பொருள் அவன் எழுதியது. எந்த அறைக்கு எத்தனை டிகிரி, எந்தக் கதவு எப்படித் திறக்க வேண்டும், எல்லாமே ஒரே செட்டிங்ஸ் ஃபைலில் வரி வரியாக இருக்கும். நேற்று மாலை சோதனைக்காக 'உள்பக்க பட்டன்' என்ற வரியை ஆஃப் செய்தான்.

திரும்ப ஆன் செய்தானா?

நினைவில்லை. நடுவில் மனைவி கூப்பிட்டாள். பேசிக்கொண்டே கிளம்பிவிட்டான்.

"இன்னும் போலீஸ் வரலை," என்றார் அத்தான். "யார் எப்போ எதை மாத்தினாங்கன்னு ஒரு பதிவு இருக்குமே... அதை அழிச்சிடு. போன்லயே முடியும்ல?"

"தப்பு அத்தான்."

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க அக்கா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

கிளினிக் வாசலில் நின்றபடியே அழித்தான். திறந்து படித்துப் பார்க்கக்கூடத் துணிவில்லை.

கிடங்கில் ஸ்ட்ரெச்சர் அவனைக் கடந்து போனது. அரைக்கைச் சட்டை. பனி படிந்த கண்ணாடி. நேற்று இதே மனிதர்தான் தன் கையால் டீ கொண்டுவந்து வைத்தார். "நேரத்தோட வீட்டுக்குப் போ தம்பி. வேலை எங்கேயும் ஓடிடாது."

அவன் நேரத்தோடு போனான். அவர் இனிப் போகப்போவதில்லை.

"விபத்துதான் மேடம்," அத்தான் பெண் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மெஷின்தானே... எப்பவாவது மக்கர் பண்ணும்."

அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"மெஷின் இல்லை மேடம். நான்தான்."

அத்தான் அவன் கையை இறுக்கிப் பிடித்தார். "அதிர்ச்சியில உளர்றான்."

"உளறட்டுமே. நீங்க சொல்லுங்க சார்."

கொட்டித் தீர்த்தான். சோதனை, மறதி, பதிவை அழித்தது... அழிக்கச் சொன்னது யார் என்பதை மட்டும் விழுங்கிவிட்டான்.

"பதிவே இல்லைன்னா, நீங்கதான்னு நான் எப்படி நம்பறது?"

"கதவுக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி இருக்கு மேடம். நெட்வொர்க் போனாலும் கதவு வேலை செய்யணும்ல... அதனால வந்த கட்டளையை எல்லாம் அதுவும் எழுதி வெச்சுக்கும். காட்டறேன்."

அத்தானின் பிடி தானாகத் தளர்ந்தது.

லேப்டாப்பைப் பெட்டியில் இணைத்தான்.

'எல்லா அறைகளுக்கும்' என்ற தலைப்பு. உள்பக்க பட்டன்: ஆன். நேற்று மாலை 5.52. அவன் பெயர்.

ஆன்... திரும்பப் போட்டிருக்கிறான்!

நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. அப்புறம் கண் கீழே போனது.

'நாலாம் அறைக்கு மட்டும்.' உள்பக்க பட்டன்: ஆஃப். இன்று காலை 7.10.

"ரெண்டுல கதவு எதைக் கேட்கும்?" இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார்.

"தனியா சொன்னதைத்தான் மேடம். தனியா எதுவும் சொல்லலைன்னாதான் பொதுவுல இருக்கிறதை எடுத்துக்கும்."

"யார் போட்டது?"

திரையை அவர் பக்கம் திருப்பினான்.

அத்தானின் பெயர்.

"என் பாஸ்வேர்டை யார் வேணா போட்டிருக்கலாம்," என்றார் அத்தான். உதடு காய்ந்திருந்தது.

"போடலாம். ஆனா ஏழு மணிக்கு பார்ட்னருக்கு போன் பண்ணி இங்கே வரச் சொன்னது நீங்கதான்னு அவர் வீட்டுல சொல்றாங்க." இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தவேயில்லை. "இங்கே வெச்சிருக்கிற கெட்டுப்போன மருந்துக்குப் புது லேபிள் ஒட்டறீங்கன்னு நேத்தே அவர் எங்ககிட்ட மனு கொடுத்துட்டார். இன்னிக்கு விசாரிக்க நானே வர்றதா இருந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க."

அத்தான் அவனைப் பார்த்தார். "அக்காவை நினைச்சுப் பாரு மாப்ளே..."

அவன் அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். இந்தச் செய்தியை அவளுக்கு யார் சொல்வது?

இரண்டு கான்ஸ்டபிள்கள் அத்தானை நடத்திப் போனார்கள்.

"அப்ப... நான் கொல்லலை," அவன் முணுமுணுத்தான். சந்தோஷப்படவே கூச்சமாக இருந்தது.

"கொல்லலை. ஆனா கொன்னவனுக்காகத் தடயத்தை அழிச்சது நீங்கதானே? ஜீப்ல ஏறுங்க."

தலைகுனிந்து நடந்தான். டீ கொடுத்த அந்தக் கை கண்ணுக்குள்ளேயே நின்றது. தண்டனை வேண்டும் போலத்தான் இருந்தது.

"எத்தனை வருஷம் மேடம்?"

"அது ஜட்ஜ் போடற செட்டிங் சார். அங்கே உங்க பாஸ்வேர்டு செல்லாது."