கட்சிக்காரரிடமிருந்து தகவல் இல்லை

முடிந்துபோன வழக்குக்கு அடுத்த வாய்தா போட்டிருந்தது. பாண்டீஸ்வரி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடி படித்தாள். பிரதிவாதி மொக்கையன், குமாரலிங்கபுரம். தீர்ப்பாகி வருடக்கணக்கான வழக்கு. அதற்குக் கீழே, அடுத்த விசாரணை வரும் ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எந்த ஊரில் கோர்ட்டு நடக்கிறது? கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ஜெராக்ஸ் எடுக்க வந்தவரிடம் ஆதார் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

அருப்புக்கோட்டையில் அவள் வேலை பார்க்கும் அந்த ஜெராக்ஸ் கடையில், கூட்டம் இல்லாத நேரமெல்லாம் அவளுக்கு இதுதான் வேலை. கோர்ட்டு இணையதளத்தில் வக்கீல் தனுஷ்கோடியின் பேரைப் போட்டால் அவர் நடத்திய வழக்கெல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது என்று படித்து, வேண்டியதைப் பிரின்ட் போட்டு வைத்துக்கொள்வாள். அவளுடைய அப்பா பால்ச்சாமியின் வழக்கும் அதில் இருந்தது. பரளச்சியில் இருந்த கரிசல் நிலத்தை விற்பதாக அப்பா எழுதிக் கொடுத்தார் என்று எவனோ ஒரு பொய்ப் பத்திரத்தைக் காட்டி வழக்குப் போட்டான். அப்பா தனுஷ்கோடியை நம்பித்தான் வக்காலத்தில் கைநாட்டு வைத்தார். தனுஷ்கோடி வாய்தா தேதியைச் சொல்லவே இல்லை. அன்றைக்குக் கோர்ட்டில் எழுந்து, கட்சிக்காரரிடமிருந்து தகவல் இல்லை என்று ஒரே வரியில் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கோர்ட்டுச் சேவகரான டவாலி வாசலுக்கு வந்து அப்பாவின் பேரை மூன்று முறை கூப்பிட்டார். பரளச்சியில் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்த மனிதருக்கு அது எப்படிக் கேட்கும்? ஆள் வரவில்லை என்று தீர்ப்பாகி நிலம் போயிற்று.

நிலம் போனதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பால்ச்சாமி குடித்துவிட்டுக் கிடந்தான், கோர்ட்டுக்கு வரவில்லை, நான் என்ன செய்ய என்று அந்த ஆள் ஊரெல்லாம் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. அம்மாவே நம்பிவிட்டாள். சோறு போடும்போதெல்லாம் குத்திக்காட்டினாள். அப்பா பாதித் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துபோவார். ஒரு நாள் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தேதியை நான் சொல்லவில்லை என்று தனுஷ்கோடி தன் வாயால் சொல்ல வேண்டும். பாண்டீஸ்வரிக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டும். அதைச் சொல்லவைத்து, அந்தக் கறுப்புக் கோட்டையும் கழற்றவைக்க வேண்டும். 

தோண்டத் தோண்ட அதே வரி வந்தது. மல்லாங்கிணறு மீரான் பீவியின் வழக்கில் தகவல் இல்லை. ஜக்கம்மாளின் வழக்கில் தகவல் இல்லை. ஜவுளிப் பூங்கா வருகிறது என்று நிலத்து விலை ஏறிய பக்கமெல்லாம் இவருடைய கட்சிக்காரர்கள் மட்டும் சொல்லிவைத்த மாதிரி காணாமல் போயிருந்தார்கள். எதிர்த்தரப்பிடம் கைநீட்டாமலா இது நடக்கும்? புகார் எழுதினால் சாட்சிக்கு ஆள் வேண்டுமே என்று ஒரு நாள் லீவு போட்டுப் பஸ் பிடித்து அவர்களைத் தேடிப் போனாள். மொக்கையன் வீடு பூட்டிக் கிடந்தது. அவர் தீர்ப்பான வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார்கள். ஜக்கம்மாளும் உயிரோடு இல்லை. மல்லாங்கிணற்றில் மீரான் பீவியின் மருமகள் சுமையா கதவைப் பாதி திறந்து நின்று பேசினாள்.

“மாமிக்குத் தேதியே தெரியாதுக்கா. நான் சொல்லி விடுறப்ப வந்தாப் போதும்னு வக்கீலு சொல்லிட்டாக. மண்ணு அள்ளுற மிசினு வந்து நின்னப்பதான் விசயமே தெரிஞ்சுச்சு. அன்னைக்கே நெஞ்சடைச்சு மவுத்தாயிட்டாக.”

பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். போன வாரம் பொழுது சாய்ந்த மக்ரிப் நேரத்தில் வாசலில் யாரோ மாமியின் பேரைச் சொல்லி நீட்டி முழக்கிக் கூப்பிட்டார்களாம். கதவைத் திறந்தால் யாரும் இல்லை, ஈரக் கரிசல் வாடை மட்டும் வந்ததாம். ஐப்பசி பிறந்தும் ஒரு சொட்டு மழை விழாத வருடம் அது.

திரும்பி வரும் பஸ்ஸில் பாண்டீஸ்வரி மறுபடி போனைத் திறந்தாள். மீரான் பீவி வழக்கு, அடுத்த விசாரணை ஞாயிற்றுக்கிழமை. ஜக்கம்மாள் வழக்கு, ஞாயிற்றுக்கிழமை. அப்பாவின் வழக்கைத் திறந்தாள். அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான்.

அந்த ஞாயிறு பொழுது சாயும் நேரத்தில் திருச்சுழி ரோட்டில் இருந்த தனுஷ்கோடியின் ஆபீசுக்குப் போனாள். போக வேண்டாம் என்று மனசு சொன்னது, கால் கேட்கவில்லை. கருவேலங்காட்டுப் பக்கம் கரிமூட்டம் போட்டிருந்ததால் புகை ரோட்டோடு ரோடாகத் தாழ்ந்து கிடந்தது, தூரத்தில் போகும் லோடு லாரியின் சத்தம் புகைக்குள் வந்து வந்து அமுங்கியது, எந்த வீட்டு நாயும் அவளைப் பார்த்துக் குரைக்கவில்லை. அவர் தனியாகத்தான் இருந்தார். ஆபீசுக்குள் பழைய கேஸ் கட்டுகளின் தூசி வாடையும், அவர் அள்ளிப் பூசியிருந்த பவுடர் வாடையும், அவற்றுக்கு அடியில் இன்னதென்று சொல்ல முடியாத குளிர்ந்த வாடை ஒன்றும் இருந்தது. மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். அவள் பிரின்ட் எடுத்த தாள்களை மேஜையில் பரப்பினாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

“இந்தாம்மா, ஒங்கப்பன் வரல. அம்புட்டுத்தான். கூப்புட்டா வரணும்ல?”

“நீங்க தேதி சொன்னீகளா?”

“நான் சொல்லலன்னு செத்தவன வந்து சாட்சி சொல்லச் சொல்லு.”

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு, கோர்ட்டு வாசலில் டவாலி கூப்பிடும் அதே இழுவையில், அதே சலிப்பில், ஒரு குரல்.

“மொக்கையன்…”

பாண்டீஸ்வரியின் கை தன்னால் போய் வாயைப் பொத்தியது. பரளச்சிப் பக்கம் பிறந்த யாருக்கும் பொத்தும். விளக்கு வைக்கிற நேரத்தில் வெளியே நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் அங்கே யாரும் உடனே குரல் கொடுப்பதில்லை. மனிதர் என்றால் மூன்றாவது முறையும் கூப்பிடுவார். மற்றது இரண்டோடு நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். குரல் கொடுத்தவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும்.

தனுஷ்கோடிக்கும் அது தெரியாமல் இருக்காது. ஆனால் ஆயுசில் பாதியைக் கோர்ட்டில் கழித்த உடம்பு அது. அங்கே மூன்றாவது அழைப்புக்குள் எழுந்து நின்றாக வேண்டும். அவர் அவளை முறைத்தார். யாரைக் கூட்டிவந்து நாடகம் போடுகிறாய் என்று கேட்டார். குரல் பிசிறியது.

“மொக்கையன்…”

இரண்டு.

பேசாதீக என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்பா பாதித் தட்டோடு எழுந்துபோனது நினைவுக்கு வந்தது. அவள் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

தனுஷ்கோடி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். எல்லாம் பழக்கம்.

“பிரதிவாதிக்காக ஆஜர்.”

மூன்றாவது அழைப்பு வரவில்லை.

கதவு திறக்கவில்லை. யாரும் உள்ளே வரவில்லை. வாடை மட்டும் ஏறியது. மழை விழுந்த கரிசல் வாடை. மூச்சு முட்டியது. தனுஷ்கோடி இருமினார். உள்ளங்கையில் துப்பினார். அவள் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள்.

கறுப்பு மண். ஈரமாக இருந்தது.

“மீரான் பீவி…”

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். வாய் தானாகத் திறந்தது. “ஆஜர்.” மண் தாள்களின் மேல் விழுந்தது.

“ஜக்கம்மாள்…”

“ஆஜர்.”

காலருக்குள் மண். மடியில் மண். கண் அவளைப் பார்த்துக் கெஞ்சியது. அவளுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை. பயத்துக்கு அடியில் சந்தோஷம் இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷம்தான்.

“பால்ச்சாமி…”

தனுஷ்கோடி சுவரைப் பிடித்துக்கொண்டார். வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினார். மண் வந்தது. புல் வேர் வந்தது. காய்ந்த பருத்திக் குச்சி வந்தது. கடைசியில் பேச்சு வந்தது.

“தேதி சொல்லல. நாந்தான் சொல்லல. காசு வாங்கிட்டேன்.”

“பால்ச்சாமி…”

இரண்டு. அவள் கவனிக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் அந்த வார்த்தையைத்தான். வாயிலிருந்து கையை எடுத்தாள்.

“இன்னொருக்காச் சொல்லுங்க.”

வெளியே குரல் நின்றது. மூன்றாவது அழைப்பு இல்லை.

அவர் சொன்னார். மண் கொட்டியது. மறுபடி சொன்னார். போதும் என்று அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை. கடைசியில் சொல்ல முயன்றபோது பல்லுக்கு இடையில் நறநறத்தது. நாக்கால் துழாவினாள். புறங்கையில் துடைத்தாள். கறுப்பு.

கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினாள்.

புகைக்குள் நீளமாக ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் செத்துப்போன கட்சிக்காரர்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். கோர்ட்டு வாசலில் உட்காருவதுபோலக் கையை மடியில் வைத்துக்கொண்டு, பொறுமையாக. எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே தனுஷ்கோடி இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தார். பெஞ்சின் கடைசியில் அப்பா இருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் இருந்த தூசியைத் தட்டினார். பிறகு நகர்ந்து உட்கார்ந்து, அவளுக்கு இடம் விட்டார்.