பூசையில் வைத்த மவுஸ்

ஆயுத பூசையன்று காலை ஒன்பது மணிக்குச் செம்மேட்டு மக்கள் நானூறு பேரும் தங்கள் தலைகளைப் பூசையில் வைத்தார்கள்.

செவ்வாய்க் கோளில் அவர்களுக்கு வேறு ஆயுதம் கிடையாது. ஒவ்வொருவர் வலக் காதுக்குப் பின்னாலும் கடுகளவு எண்ணவித்து ஒன்று புதைந்திருந்தது. கதவு திறக்க வேண்டுமா, நினைத்தால் போதும். சுரங்க வண்டி திரும்ப வேண்டுமா, அதற்கும் நினைத்தால் போதும். ஆயுதம் தலைக்குள் இருந்தால் தலையைத்தானே பூசையில் வைக்க வேண்டும்? பொதுக்கூடத்தில் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். நிலையத் தலைவர் தில்லைவாணன் காது காதாகச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே போனார். கூடாரத்துக்குள் நெருப்புக்கு அனுமதி இல்லாததால் கற்பூரத்துக்குப் பதில் ஒரு சிவப்பு விளக்கைக் காட்டினார். பிறகு நடு இயந்திரத்தை அணைத்தார்.

இனி மறுநாள் காலைவரை எந்த வித்தும் வேலை செய்யாது. அவசரம் என்று எழுப்பினாலும் கண்விழிக்க ஆறு மணி நேரம் எடுக்கும். காற்றும் தண்ணீரும் தாமாக ஓடிக்கொள்ளும்; கதவுகளை மட்டும் அன்று கையால் தள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு அதுவே திருவிழா.

வரிசையில் ஒருத்தி மட்டும் குனியவில்லை. பெயர் இசக்கியம்மாள், வயது ஐம்பத்து நான்கு. அவள் தலைக்குள் வித்து இல்லை. கையில் ஒரு மவுஸ் இருந்தது.

வித்து வருவதற்கு முன்பு பதினோரு ஆண்டுகள் பூமியிலிருந்து வந்த கலங்களை அந்த மவுஸால் இறக்கியவள் அவள். ஒரு கலத்துக்குக்கூடக் கீறல் விழுந்ததில்லை. வித்து வந்ததும் நான்கு பேர் உட்கார்ந்து நினைத்தே இறக்க ஆரம்பித்தார்கள். அவளுக்குத் தாது வண்டிகளை ஓட்டும் வேலை மிஞ்சியது. வித்து பதிக்க அழைத்தபோதெல்லாம் ஒரே பதில்தான்.

"நான் நெனைக்கதெல்லாம் ஒடனே நடந்தா ஊரு தாங்காது தம்பி. கை கொஞ்சம் யோசிச்சுச் செய்யட்டும்."

அந்த மவுஸை அவள் வாங்கிய கதை செம்மேட்டில் எல்லோருக்கும் தெரியும், அவளே சொல்லியிருக்கிறாள், பலமுறை. தூத்துக்குடி ஏவுதளச் சாலையில் ஒரு கடை. பதினோரு மவுஸ்களை மேசைமேல் பரப்பி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றின் மேலும் கையை வைத்துப் பார்த்தாள். ஒன்று மேடாக இருந்து மணிக்கட்டை வலித்தது. ஒன்று கையில் இருப்பதே தெரியாத அளவுக்கு லேசு. பார்க்க மிக அழகான ஒன்றில் பேட்டரியை உள்ளேயே வைத்து மூடியிருந்தார்கள்.

"எல்லாம் ஒண்ணுதாம்மா," என்றார் கடைக்காரர், பொறுமை போய்.

"பேட்டரி செத்தா இதையும் சேத்துல்லா பொதைக்கணும்? தெறந்து மாத்துற மாதிரி ஒண்ணக் காட்டுங்க."

கடைசியில் வாங்கியது கருநீலத்தில் ஒரு சாதாரண மவுஸ். ஒரே ஒரு பேட்டரி. கம்பி இல்லை; நகத்தளவு ஏற்பி ஒன்றைக் கணினியில் செருகினால் போதும். அந்த ஏற்பி ஒருமுறை கீழே விழுந்து, அவள் இரண்டு நாள் செம்மண்ணைச் சல்லடை போட்டுச் சலித்து எடுத்தாள். எழுந்து போகும்போதெல்லாம் பேட்டரியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள், ஆண்டுக்கு இரண்டு பேட்டரிதான் பங்கீடு. கண்ணாடி மேசையில் மவுஸ் சரியாக ஓடாது என்று ஊரிலிருந்து கொண்டுவந்த நாள்காட்டி அட்டையை அடியில் போட்டிருந்தாள். தாள்களெல்லாம் கிழிந்து போன பிறகும் அட்டை மட்டும் உழைத்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் படும் இடம் தேய்ந்து பளபளத்தது.

இதற்கெல்லாம் அன்றுதான் கடைசி நாள். பூசை முடிந்ததும், அவள் மவுஸ் ஓட்டும் அந்தக் கைமேசையைக் கழற்றிவிடுவது என்று தில்லைவாணன் கையெழுத்துப் போட்டுவிட்டார். இசக்கியம்மாள் வித்து பதித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கீரைக்கூடத்துக்குப் போக வேண்டும். அவர் கெட்டவர் அல்லர். அவளுக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும் என்றும் நினைத்தார்.

"ஒங்க ஆயுதத்தையும் பூசையில வைங்கக்கா."

இசக்கியம்மாள் நிமிர்ந்த கழுத்தோடு கொண்டுபோய் வைத்தாள். அவர் மேலே ஒரு பொட்டு வைத்தார். பிறகு புரட்டி, அடியில் ஒளி வரும் ஓட்டையிலும் தாராளமாகச் சந்தனம் அப்பினார். "கண்ணுக்கும் ஒண்ணு இருக்கட்டும்," என்றார். அவளுக்குச் சுருக்கென்றது. நல்ல நாளில் எதற்கு என்று வாயை மூடிக்கொண்டாள்.

சுண்டல் விநியோகம் பாதி ஆகியிருந்தபோது ஒலிபெருக்கி பேசியது.

"செம்மேடு, செம்மேடு. கலம் இறங்கத் தொடங்கிவிட்டது. வழிக்கற்றையைக் காணவில்லை."

தில்லைவாணன் கையில் சுண்டல் தொன்னையோடு அப்படியே நின்றார். செவ்வாயின் புழுதிக்குள் கலத்துக்குக் கண் தெரியாது. தரையிலிருந்து ஓர் ஒளிக்கற்றையைப் பிடித்துக் காட்ட வேண்டும். கலம் அதைப் பற்றிக்கொண்டு இறங்கும். திரும்பி மேலே போக அதனிடம் எரிபொருள் கிடையாது. உள்ளே அறுபத்து மூன்று பேர்.

"பூசைக்கு மறுநாள் வருதுன்னுதானே செய்தி அனுப்புனாங்க?" என்றார் தில்லைவாணன்.

பூமியில் சொன்னது பொய்யில்லை. தூத்துக்குடி ஏவுதளம் திருக்கணிதப் பஞ்சாங்கம் பார்க்கும். செம்மேடு வாக்கியப் பஞ்சாங்கம் பார்க்கும். அந்த ஆண்டு இரண்டுக்கும் ஒருநாள் வித்தியாசம்; தூத்துக்குடியில் பூசை முந்தின நாளே முடிந்திருந்தது. இரு கோள்களுக்கு நடுவே பல கோடி மைல் தூரத்தைத் துல்லியமாகக் கணக்குப் போட்டவர்கள், எந்தப் பஞ்சாங்கம் என்று மட்டும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. இனிப் பூமியைக் கூப்பிட்டால் குரல் போய்ச் சேரவே பதினான்கு நிமிடம். கலம் தரைக்கு வர ஒன்பது நிமிடம்.

இசக்கியம்மாள் பூசை மேடைக்குப் போனாள்.

"அக்கா," என்றார் தில்லைவாணன். "பூசையில வச்சத நாளைக்குத்தான எடுக்கணும்?"

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீங்க வழிய விடுங்க."

கைமேசைக்கு ஓடினாள்; அதற்கு நடு இயந்திரம் தேவையில்லை. இடுப்பிலிருந்த பேட்டரியைப் போட்டாள். திரையில் கலம் ஒரு நீலப் புள்ளி, கற்றை ஒரு வெள்ளை வளையம். புள்ளியை வளையத்துக்குள் வைத்திருக்க வேண்டும். இறங்க இறங்க வளையம் சுருங்கும். மவுஸை நகர்த்தினாள். வளையம் அசையவில்லை. இன்னொரு முறை நகர்த்தியதும் ஒரு மூலைக்குத் துள்ளி ஓடியது.

புரட்டிப் பார்த்தாள். கண்ணில் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது.

தண்ணீருக்குப் போக நேரமில்லை. இசக்கியம்மாள் முந்தானை நுனியில் எச்சில் துப்பினாள். பூசையில் வைத்த பொருளின் கண்ணை, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அந்த எச்சிலால் துடைத்தாள். கூட்டத்தில் யாரோ கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

சிவப்பு ஒளி வந்தது. தோள் அசையாமல், மணிக்கட்டு மட்டும் நாள்காட்டி அட்டைமேல் நூல் நூலாக நகர்ந்தது. புழுதிக்காற்று புள்ளியைத் தள்ளியது. கை அதற்குமுன் அங்கே போய்விட்டிருந்தது. நான்கு எண்ணவித்துக்காரர்கள் பின்னால் நின்று பார்த்தார்கள். அவர்கள் இறக்கும்போது கலம் இப்படி வழுக்கிக்கொண்டு வந்ததில்லை என்று அவர்களுக்கே தெரிந்தது. வளையம் சுண்டுவிரல் நகமாகச் சுருங்கியபோது இடப் பொத்தானை ஒருமுறை அழுத்தினாள். தரை லேசாக அதிர்ந்தது.

"இறங்கிட்டு," என்று சொல்லிவிட்டுப் பேட்டரியைக் கழற்றி இடுப்பில் செருகினாள்.

செம்மேடு அன்றுபோல் பெருமைப்பட்டதில்லை. அறுபத்து மூன்று பேரும் வரிசையில் வந்து அவள் வலக் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தில்லைவாணன் வெளிப்படையாக அழுதார். தன் கையெழுத்தைத் தானே அடித்து, கைமேசை கழற்றப்படாது என்று எழுதினார். இசக்கியம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இனி ஆயுள் முழுக்க இந்த மவுஸ், இந்த அட்டை, இந்த நாற்காலி. அன்று படுக்கப் போகும்போது, பதினோரு மவுஸ்களில் சரியானதைப் பொறுக்கிய தன் கையைத் தானே ஒருமுறை தடவிக்கொண்டாள்.

விசயதசமிக் காலையில் வேலைக்குப் போனாள். மேசைமேல் மவுஸ் இல்லை. அட்டையும் இல்லை.

பொதுக்கூடத்தின் நடுவே, உடையாத கண்ணாடிப் பெட்டிக்குள், பட்டுத் துணிமேல் இரண்டும் இருந்தன. புதுச் சந்தனம், புதுக் குங்குமம், காகிதப் பூமாலை. சுற்றிலும் கூட்டம். ஊர் கூடி ஒருமனதாக முடிவெடுத்திருந்தது.

"தாது வண்டிக்கு நேரமாச்சு தம்பி. எடுத்துக் குடுங்க."

தில்லைவாணன் பதறிப்போனார். "அதப் போய் வேலைக்கு எடுக்கவாக்கா? அறுபத்து மூணு உசிரக் காப்பாத்துனது. தேஞ்சுபோச்சுன்னா?"

"தேயத்தானே வாங்குனேன்?"

"பெட்டியத் தெறக்கணும்னா நானே நெனைச்சாத்தான் தெறக்கும். அவ்வளவு பத்திரம்," என்றார் அவர், பெருமையோடு.

செம்மேட்டில் வேறு மவுஸ் கிடையாது. கைமேசையைச் சுற்றியும் ஒரு கயிறு கட்டி, யாரும் தொடக் கூடாது என்று பலகை மாட்டினார்கள். ஊரின் பெருமையான இசக்கியம்மாள் கீரைக்கூடத்துக்குப் போனாள். எங்கே போனாலும் எழுந்து நின்றார்கள்.

பழங்காலப் பூமியில் டிவி வாங்கியவர்கள் ரிமோட்டை உறையோடே வைத்திருந்து, உள்ளே எண்கள் தெரியாமல் ஆளாளுக்கு ஒரு பொத்தானை அழுத்துவார்களாம். செம்மேட்டுக்காரர்கள் அந்த வம்சந்தான். ஆண்டுக்கு ஒரு கலம் வரும். அடுத்த கலத்தில் வீட்டுக்கு ஒன்றாக நூற்றிருபது மவுஸ்களுக்கு எழுதிப்போட்டார்கள். எல்லா வீட்டு அலமாரியிலும் அதற்கு இடம் ஒதுக்கியாயிற்று. இசக்கியம்மாளும் ஒன்று கேட்டிருந்தாள், அவள் மட்டும் உறையைப் பிரிக்கிற எண்ணத்தோடு.

ஆண்டு ஓடி மறுபடி ஆயுத பூசை வந்தது. நானூறு தலைகளோடு புதிதாக அறுபத்து மூன்றும் குனிந்தன. நடு இயந்திரத்தை அணைப்பதற்கு முன் தில்லைவாணன் மகிழ்ச்சியாக அறிவித்தார்.

"பூமியிலேந்து செய்தி வந்திருக்கு. நம்ம மவுசெல்லாம் பூசைக்கு மறுநாள் வந்து எறங்குது."

எல்லோரும் கைதட்டினார்கள். எந்தப் பஞ்சாங்கம் என்று யாரும் கேட்கவில்லை. விளக்கைக் காட்டினார். வித்துகள் உறங்கின. கண்ணாடிப் பெட்டியின் பூட்டும், நினைக்க ஆளில்லாமல், இறுகிக்கொண்டது.

அவர் சந்தனக் கிண்ணத்தோடு இசக்கியம்மாளிடம் வந்தார். "ஒங்க ஆயுதம்தான் பெட்டிக்குள்ளயே இருக்கே அக்கா. இந்த வருசம் என்னத்த வைக்கப்போறிய?"

இசக்கியம்மாள் கீரைக்கூடத்துப் பையிலிருந்து பாறை உடைக்கும் சுத்தியல் ஒன்றை எடுத்தாள். உடையாத கண்ணாடி என்பார்கள். முயன்று பார்த்தவர் யாருமில்லை.

தில்லைவாணன் அதன் தலையில் பொட்டு வைத்தார். கைப்பிடிக்கும் சந்தனம் தடவப் போனார்.

"அங்க வேண்டாம், வழுக்கும்," என்றாள் இசக்கியம்மாள். சுத்தியலைப் பூசை மேடையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியைப் பார்த்தபடி, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். பேட்டரி இருந்தது.