கணவாயில் வழி திறந்திருக்கிறது

அந்த மனிதரின் குரலுக்குப் பின்னால் இன்ஜின் சத்தம் இல்லை.

சின்ன விமானத்திலிருந்து ரேடியோவில் பேசுகிற யாருடைய குரலும் தனியாக வருவதில்லை. இன்ஜினின் முரட்டு முனகலையும் கூடவே இழுத்துக்கொண்டு வரும், பேசுகிறவர் கத்தித்தான் பேசுவார், பாதிச் சொல் இரைச்சலோடு போய்விடும். இந்தக் குரலோ ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்து பேசுவதுபோல் அத்தனை தெளிவாக இருந்தது.

"கணவாய்க்கு மேல இருக்கேன். மேகம் நல்ல உயரத்துலதான் நிக்குது. வழி தெறந்திருக்கு. பின்னாடி வர்றவங்க தாராளமா வரலாம்."

அவள் ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மலைப்பக்கம் பார்த்தாள். சாயங்கால வெயில் ஓடுபாதையின் புல்லில் இன்னும் மிச்சமிருந்தது. ஆனால் தூரத்தில் மலை இருக்க வேண்டிய இடத்தில் அழுக்குத் துணியை உதறிப் போட்டதுபோல் சாம்பல் நிறம் சுருண்டு கிடந்தது.

"இப்ப யாராவது இங்கேர்ந்து கிளம்பினாங்களா?" என்று பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவரிடம் கேட்டாள்.

"காலையிலேர்ந்து ஒரு வண்டியும் இல்லம்மா. நீங்க வந்ததுதான்." அவர் குழாயைச் சுருட்டிக்கொண்டே மலையைப் பார்த்தார். "ரூம் சும்மாதான் கிடக்கு. ராத்திரி தங்கிட்டு வெயில் வந்ததும் போங்களேன்."

அதுதான் சரி என்று அவளுக்கும் பட்டது. பல் டாக்டர் அவள். வார நாட்களில் மற்றவர்களின் வாய்க்குள்ளும், விடுமுறை நாட்களில் வானத்திலும் வாழ்கிறவள். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து வாங்கிய பழைய நான்கு இருக்கை விமானம். வானம் தெளிவாக இருந்தால் பறப்பாள், இல்லாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து காபி குடிப்பாள். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதற்கு அவளுக்குப் பயிற்சி போதாது. அது அவளுக்குத் தெரியும், அதில் வெட்கமும் இல்லை.

ஆனால் இன்று தனியாக வரவில்லை. உடம்பு சரியில்லாத அத்தையைப் பார்க்கத் தங்கையையும் அழைத்து வந்திருந்தாள்; வீடு திரும்பக் கணவாயைத் தாண்டியாக வேண்டும். தங்கை இறக்கைக்கு அடியில் நின்று போனில் தன் மூன்று வயது மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். "அம்மா இதோ வந்துட்டேண்டா. வந்து கதை சொல்றேன், அப்புறம் தூங்குவியாம்." அம்மா கதை சொல்லாமல் அந்தக் குழந்தை தூங்கியதே கிடையாது. வீட்டில் தங்கையின் பெயரே வாயாடிதான். தூக்கத்தில்கூட முக்கால்வாசி நேரம் பேசுவாள்.

"போலாமா, தங்கலாமா?" என்று அவள் கேட்டாள்.

"எங்கிட்ட கேட்டா? நானே பல்லு புடுங்குறவ கையில உயிரைக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன். அதான் ரேடியோவுல ஒருத்தர் வழி தெறந்திருக்குன்னு சொல்றாரே."

கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத இந்த மாதிரி விமானத் திடல்களில் அதுதான் வழக்கம். முன்னால் போனவர் பின்னால் வருகிறவருக்கு வானம் எப்படியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். யாரும் கேட்காமலே சொல்வார்கள். சொன்னதை யாரும் சந்தேகப்படுவதில்லை. சந்தேகப்பட்டால் அடுத்த முறை யார் சொல்வார்கள்? வேறு திடலிலிருந்து கிளம்பியிருப்பார், புது மாதிரி ஹெட்செட் வைத்திருப்பார் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

கிளம்பினார்கள்.

முதல் பாதி வழி நன்றாகவே போயிற்று. தங்கை கீழே தெரிந்த வீடுகளுக்கெல்லாம் கதை கட்டினாள், யார் வீட்டு மாடியில் யார் துணி காய்கிறது என்றுகூடச் சொன்னாள். தங்கைக்கு முன்னாலிருந்த, விமானத்தை ஓட்டுகிற இரண்டாவது பிடியிலும் ரேடியோவில் பேசுவதற்கான பொத்தான் உண்டு. அதைத் தொடவே கூடாது என்பது அக்காவின் கண்டிப்பான உத்தரவு. தொட்டால் சுற்றுவட்டாரத்து விமானங்களெல்லாம் இவள் கதையைக் கேட்டுக்கொண்டு வழி தவறிப் போகும் என்று கேலி செய்வாள்.

அணைக்கட்டு வந்தது. அக்கா தானாக வைத்துக்கொண்ட விதி ஒன்று இருந்தது: அணையின் தண்ணீரைத் தாண்டுவதற்குள் கணவாயின் மறுபக்கம் கண்ணில் படாவிட்டால் திரும்பிவிட வேண்டும். இத்தனை வருடத்தில் அதை மீறியதில்லை. இப்போது கீழே தண்ணீர் ஈயம்போல் அசையாமல் கிடந்தது. எதிரே மறுபக்கம் தெரியவில்லை. கண்ணாடியில் மழை ஒன்றிரண்டாகத் தட்ட ஆரம்பித்தது.

அவள் பொத்தானை அழுத்தினாள். "கணவாய்க்கு மேல இருக்கறவர், கேக்குதா? அங்க இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு." உடனே பதில் வந்தது, அவள் கேட்பாள் என்று காத்திருந்ததுபோல. "அந்தப் பக்கம் ஊர் விளக்கெல்லாம் தெரியுது. நீங்க இருக்கற எடத்துல மட்டுந்தான் கொஞ்சம் மழை. தாண்டிட்டா ஒண்ணுமில்ல. ரெண்டு பேருந்தானே?"

"ஆமா," என்றாள்.

தண்ணீர் பின்னால் போய்விட்டது. எத்தனை பேர் என்று தான் யாரிடமும் சொல்லவில்லையே என்பது அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

மேகம் எதிரில் வந்து மோதவில்லை. இரண்டு பக்கமும் இருந்த மலைச்சரிவுகள் ஒவ்வொன்றாக மங்கின, கீழேயிருந்த சாலை மங்கியது, இறக்கையின் நுனி மங்கியது, கடைசியில் கண்ணாடிக்கு வெளியே ஒரே ஒரு வெள்ளை மட்டும் மிஞ்சியது. விமானம் குலுங்கியது. சூடான இன்ஜின் எண்ணெய் வாசனையோடு இன்னொரு வாசனையும் உள்ளே வந்தது: நனைந்த பாறையின் வாசனை. இந்த உயரத்தில் அது வரக் கூடாது.

"அக்கா," என்றாள் தங்கை. "ஒண்ணுமே தெரியல."

"பேசாம இரு."

நேராகப் போகிறோம் என்று உடம்பு சொன்னது. இடது பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறோம் என்று கருவி சொன்னது. மேகத்துக்குள் உடம்பு பொய் சொல்லும் என்று பாடத்தில் படித்ததுதான். படித்ததை நம்புவதற்கு அவள் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பயந்தாள். தனக்காக இல்லை. பக்கத்து இருக்கைக்காக.

"சிரமமா இருக்குல்ல?" என்றது குரல். அன்பாகத்தான் கேட்டது. "உங்க கைக்கு வேலை நெறைய இருக்கும். பக்கத்துல இருக்கறவங்களப் பேசச் சொல்லுங்க. உயரத்த அவங்க படிச்சுச் சொல்லட்டும், நான் வழி சொல்றேன்."

நியாயமான யோசனை. விமானம் ஓட்டுகிற யாரும் சொல்லக்கூடியதுதான். வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், ஓட்டுகிறவர் ஓட்டுவதை மட்டும் பார்க்க வேண்டும்.

"உன் பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பேசு," என்றாள். "அந்த முள்ளு காட்டற உயரத்த அவர்கிட்ட சொல்லு."

தங்கை பேசினாள். முள் காட்டியதைச் சொன்னாள். குரல் "ம்" என்றது. மறுபடி சொன்னாள். "ம், இன்னும்." அவள் பயத்தில் கடகடவென்று பேச ஆரம்பித்தாள், வீட்டில் பாப்பா இருக்கிறது என்றாள், பாப்பாவின் பெயரைச் சொன்னாள், தன் பெயரைச் சொன்னாள். "நல்ல குரல்," என்றது அது. "நிறுத்தாதீங்க. பேசிக்கிட்டே இருங்க."

தங்கையின் தொண்டை கம்மியது. பயம்தான், வேறென்ன என்று அக்கா நினைத்தாள். கண்ணைக் கருவியிலிருந்து எடுக்க முடியவில்லை. பக்கத்தில் அந்தப் பேச்சு மெலிந்துகொண்டே போயிற்று. கரகரப்பு. பிறகு கிசுகிசுப்பு. பிறகு உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம் மட்டும்.

ஹெட்செட்டில் அந்த மனிதர் பெருமூச்சு விட்டார். நீளமாக. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர் விடுவதுபோல.

"அப்பாடா," என்றார். "கொஞ்சம் எறங்குங்க. கீழ தெளிவா இருக்கு."

அவள் கை பிடியை முன்னால் தள்ளியது. மூக்கு தாழ்ந்தது.

பாறை வாசனை.

இல்லை.

இங்கே கீழே ஒன்றும் கிடையாது. மலை மட்டும்தான்.

முழு வேகத்தையும் கொடுத்தாள். பிடியை இழுத்தாள், திருப்பினாள், விமானத்தின் சாய்வைக் காட்டுகிற செயற்கைத் தொடுவானக் கருவியின் சின்னக் கோட்டைத் தவிர உலகத்தில் எதையும் பார்க்கவில்லை. வலது இறக்கைக்கு அடியில் கறுப்பாக ஏதோ போனது. ஒரு மரம். அதன் இலைகளில் தண்ணீர் சொட்டியதைப் பார்த்தாள். அவ்வளவு பக்கம்.

ஏறு. ஏறு. ஏறித் தொலை.

வெள்ளை மஞ்சளானது. சட்டென்று கண் கூசியது.

மேகத்துக்கு மேலே வந்திருந்தார்கள். வெயில். நீல வானம். கிளம்பிய திசையில் மேகம் முடிந்து, பச்சை வயல்கள் ஒன்றுமே நடக்காததுபோல் கிடந்தன. அவள் சத்தமாகச் சிரித்தாள், சிரிப்பு அழுகையாக மாறியது. பிழைத்துவிட்டோம். இரண்டு பேரும் பிழைத்துவிட்டோம்.

"பொழைச்சோம்டி," என்றாள். "இனிமே நீ எவ்வளவு வேணும்னாலும் பேசு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

தங்கை பேசவில்லை.

ரேடியோ கரகரத்தது. இன்ஜின் இரைச்சலோடு ஓர் ஆண் குரல் கத்தியது. "அணைக்கட்டுக்கிட்ட வந்துட்டேன், ஃபேமிலியோட போயிட்டிருக்கேன். கணவாய்ப் பக்கம் யாராவது இருக்கீங்களா? வழி எப்படி இருக்கு?"

அவள் பொத்தானை நோக்கி விரலை நகர்த்தினாள்.

"வழி தெறந்திருக்கு," என்றது ஒரு பெண் குரல். கலகலப்பான குரல். "ஊர் விளக்கெல்லாம் தெரியுது. தாராளமா வாங்க."

அவளுக்குத் தெரிந்த குரல். பிறந்ததிலிருந்து அவள் கூடவே வளர்ந்த குரல்.

திரும்பிப் பார்த்தாள்.

தங்கை இரண்டு கைகளாலும் தன் கழுத்தையே பிடித்திருந்தாள். கை பிடியில் இல்லை. பொத்தானில் இல்லை. கண்கள் விரிந்து கிடந்தன.

"வராதீங்க!" என்று அக்கா பொத்தானை அழுத்திக் கத்தினாள். "திரும்பிடுங்க! வழி இல்ல! மலை!"

விரலை எடுத்தாள்.

"ஏதோ கீச்சுன்னு கேட்டுதுங்க. இன்னொரு தடவ சொல்லுங்க?"

மறுபடி அழுத்தினாள். மறுபடி கத்தினாள். மறுபடி கீச்சொலி: அவள் பேசும்போதே அந்தக் குரலும் பேசியது, இரண்டும் சேர்ந்தால் ரேடியோவில் அதுதான் வரும். அவள் விரல் எடுத்த நொடியில், மூச்சு விடக்கூட இடம் கொடுக்காமல், அந்தக் குரல் முந்திக்கொண்டது.

"ஒண்ணுமில்ல, மழைச் சத்தம். தாண்டிட்டா சரியாயிடும். உங்களுக்குக் கை நிறைய வேலை இருக்கும். பின்னாடி பசங்க இருக்காங்கல்ல? ஒருத்தரப் பேசச் சொல்லுங்களேன்."

தங்கை வாயைத் திறந்தாள். முழுதாகத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, உடம்பெல்லாம் உதற அவள் கத்தினாள், கத்திக்கொண்டே இருந்தாள். அந்த வாயிலிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை.

கீழே, மேக விளிம்பில், அந்த விமானத்தின் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"ஹலோ," என்றது ஹெட்செட்டில் ஒரு குழந்தை.

"நல்ல குரல்," என்றது தங்கையின் குரல்.